தாத்தாவோட ஜீப்பும் 109 குதிரையும்

இது கொஞ்சம் நீளமான இழை நண்பர்களே. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க. மருத்துவப் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க ஏமாற வேண்டாம், நடுவுல கொஞ்சம் மருத்துவமும் இருக்கு. ஆனா அடிப்படையில் இது நான் பண்ண ஒரு முட்டாள்தனத்தைப் பற்றியது.

போன மாசம் ஒரு ஜூனியர் டாக்டர் போன் பண்ணினார். "சார், பழைய பட்டாள ஜீப் ஒண்ணு வாங்கியிருக்கேன். பெரிய டீசல் இன்ஜின் மாத்தப் போறேன். நீங்களும் மாத்தினீங்களாமே, எப்படி இருந்துச்சு?" ஓடிக்கிட்டிருந்த கேஸுக்கு நடுவுல அவருக்கு முழுசா பதில் சொல்ல முடியல. அதான் இங்கே எழுதுறேன்.

முதல்ல ஜீப்பைப் பற்றி. என் தாத்தா போடியில் எல்.எம்.பி. டாக்டர். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் பட்டாளத்துக்காரங்க விட்டுட்டுப் போன வண்டிகளை ஏலம் விட்டாங்க. டிஸ்போசல் வண்டின்னு சொல்வாங்க. அப்படி வந்த ஒரு ஜீப்பைத்தான் தாத்தா வாங்கினார். ஸ்டியரிங் இடப்பக்கம். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே. தாத்தா அதுமேல உக்காந்து சுருட்டு பிடிச்சுக்கிட்டே ஓட்டுவாராம். எங்க குடும்பத்துல நான் டாக்டரா ஆனதைவிட, தாத்தா வெடிக்காம இருந்ததுதான் பெரிய அதிசயம்.

மலையில ஏலத்தோட்டங்களிலிருந்து பிரசவ வலியோட பெண்களை, மரம் விழுந்து கால் உடைஞ்சவங்களை, அந்த ஜீப்பின் பின்சீட்டில் போட்டுத்தான் கீழே கொண்டு வருவாங்க. அப்பா ஸ்டியரிங் பிடிச்சுப் பழகினதும் அந்த வண்டியிலதான். ஆக எனக்கு அது வண்டி இல்ல, வீட்டுல ஒரு ஆள்.

இப்ப ஒரு சின்ன வரலாறு. ஜீப் பிரியர்கள் இதைத் தாண்டிப் போகலாம், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

1940-ல அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன, எடை குறைஞ்ச, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி கேட்டுச்சு. மூணு கம்பெனி போட்டியில நின்னாங்க: பாண்டம், வில்லிஸ், ஃபோர்டு. பாண்டம் வண்டியிலும் ஃபோர்டு வண்டியிலும் இருந்த இன்ஜின் சுமார் 45 ஹெச்பி. வில்லிஸ் கம்பெனியின் தலைமை இன்ஜினியர் டெல்மர் ரூஸ், 48 ஹெச்பி கொடுத்துக்கிட்டிருந்த ஒரு பழைய கார் இன்ஜினை நோண்டி நோண்டி 60 ஹெச்பிக்குக் கொண்டு வந்திருந்தார். 2,199 சிசி, நாலு சிலிண்டர். செல்லப் பேரு 'கோ டெவில்'. பிரச்சினை என்னன்னா அந்த இன்ஜினால வண்டி எடை கூடிப்போச்சு. ராணுவம் வச்ச எல்லை 2,160 பவுண்டு. வில்லிஸ்காரங்க இன்ஜினை விட்டுக்கொடுக்கல. வண்டியில மத்த இடத்துலதான் எடையைச் சுரண்டினாங்க. கடைசியில ஜெயிச்சதும் அந்த இன்ஜின்தான். அப்புறம் ஃபோர்டும் வில்லிஸ் டிசைனையே தயாரிச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து போர் முடியறதுக்குள்ள 6 லட்சத்துக்கும் மேல ஜீப் இறக்கினாங்க.

அதாவது ஜீப்புங்கிற சாதியே 'மத்தவங்களைவிடப் பெரிய இன்ஜின்' என்கிற ஆசையிலதான் பிறந்தது. இன்னொண்ணு சொல்றேன். நம்ம ஊர் மஹிந்திரா ஜீப்புக்கு பானட் கொஞ்சம் உசந்து, நெத்தி மேடா இருக்குமே, ஞாபகம் இருக்கா? அதுக்கும் காரணம் இன்ஜின்தான். கோ டெவிலுக்கு அப்புறம் வந்த 'ஹரிக்கேன்' இன்ஜின்ல வால்வு அமைப்பு மாறி உயரம் கூடிடுச்சு. பழைய பானட்டுக்குள்ள அடங்கல. 1953-ல வில்லிஸ் பானட்டைத் தூக்கி சிஜே-3பி-ன்னு விட்டாங்க. அந்த முகம்தான் பல வருஷம் இந்தியாவில் ஓடுச்சு.

எங்க வண்டியிலேயே இன்னொரு வேடிக்கை. அடிச்சட்டம் ஃபோர்டு. முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைப் பாத்தா தெரியும், வில்லிஸ்னா உருளைக் குழாயா இருக்கும், ஃபோர்டுன்னா அப்படி இருக்காது. ஆனா இன்ஜின் நம்பர் 'எம்பி'ன்னு ஆரம்பிக்குது, அது வில்லிஸ். ஆக தாத்தா கைக்கு வர்றதுக்கு முன்னாடியே யாரோ ஒருத்தர் இந்த வண்டிக்கு இன்ஜின் மாத்தியிருக்கார். பட்டாள ஒர்க்‌ஷாப்பில் இது சகஜம்னு சொல்வாங்க. இதைத்தான் நான் என் மனசாட்சிக்குச் சமாதானமா சொல்லிக்கிட்டேன்: ஏற்கெனவே மாத்தின இன்ஜின்தானே, இன்னொரு தடவை மாத்தினா என்ன?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு நாள் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவினா, பால் விட்ட டீ மாதிரி வருது. ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. மெக்கானிக் அண்ணன் இன்ஜினைப் பிரிச்சார். பிளாக்கில், வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல முடி மாதிரி ஒரு விரிசல். இந்த இன்ஜின்ல வால்வுகள் தலைப்பக்கம் இல்லாம பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருக்கும். சூடேறி சூடேறி அந்த இடத்துல விரிசல் விடுறது இதுக்குத் தெரிஞ்ச வியாதி.

"தைக்கலாம் சார். ஆனா ஆறு மாசம் ஆகும், தைக்கிற ஆளைத் தேடணும். இல்லேன்னா ஸ்கார்பியோ டர்போ இன்ஜின் ஒண்ணு நல்ல கண்டிஷன்ல இருக்கு. எலக்ட்ரானிக்ஸ் தொல்லை கிடையாது, பழைய மாடல். போட்டா வண்டி பறக்கும்" என்றார்.

2.6 லிட்டர் டர்போ டீசல். 109 ஹெச்பி. இழுவை சுமார் 255 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,800 சுத்துலயே. தாத்தா இன்ஜின் தன் நல்ல காலத்துலயே 60 ஹெச்பி, 142 நியூட்டன் மீட்டர். பேப்பர்ல பாத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்துச்சு. "போடுங்கண்ணே"ன்னு சொன்னேன். எவ்வளவு ஆகும்னு கேட்டேன். எத்தனை நாள் ஆகும்னு கேட்டேன். வேற எதுவும் கேட்கல.

நான் மயக்க மருந்து டாக்டர்ங்க. ஒரு நோயாளியைத் தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி நாற்பது கேள்வி கேக்குறது என் தொழில். கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, பல் ஆடுதா, மாடி ஏறினா மூச்சு வாங்குதா, வீட்டுல யாருக்காவது ஆபரேஷன்ல பிரச்சினை வந்திருக்கா... இந்த வண்டியை மேசையில படுக்க வச்சப்ப மட்டும் நான் ஒரு கேள்வி கேட்கல.

வேலை நடந்துச்சு. பழைய மூணு கியர் பெட்டி அந்த இழுவையைத் தாங்காதுன்னு அஞ்சு கியர் பெட்டி போட்டார். புது மவுண்ட் வெல்டிங். பெரிய ரேடியேட்டர். 6 வோல்ட்டு ஒயரிங் போய் 12 வோல்ட்டு வந்துச்சு. டீசல் இன்ஜின் பெட்ரோல் மாதிரி அவ்வளவு சுத்தாது, ரோட்டுல வேகம் வரணும்னா கிரவுன் பினியனை மாத்தணும்னார். பழசு 4.88. அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள புரொப்பல்லர் ஷாஃப்ட் கிட்டத்தட்ட அஞ்சு சுத்து. அதைக் குறைச்சுப் போட்டார். "இப்ப ஹைவேல காரைப் பிடிக்கலாம் சார்." நான் தலையாட்டினேன். இந்த கிரவுன் பினியன் விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பிரேக் மட்டும் பழசு. 9 அங்குல டிரம், நாலு சக்கரத்துக்கும். டிபன் தட்டு அளவுதான். ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன், பூஸ்டர் கிடையாது. எங்கயாவது ஒரு இடத்துல போச்சுன்னா நாலும் போச்சு. ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிற மாதிரி ஒரு பட்டை. ஷூ லைனிங் புதுசு போட்டாச்சுன்னார். எனக்கு அது போதுமானதா இருந்துச்சு.

வண்டி வந்த முதல் ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு போடிமெட்டு கிளம்பினேன். அப்பாவுக்கு அப்ப 78. ரிட்டயர்டு வாத்தியார். போடியிலிருந்து கிளம்பி முந்தல் தாண்டினா மலை. 17 கொண்டை ஊசி வளைவு. தேனிப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், காலையில அந்த ரோட்டுல ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போற ஜீப்புகள் எப்படிப் பறக்கும்னு. அந்த ஜீப்புகளை அன்னிக்கு நான் முந்தினேன். தாத்தா வண்டியில. சின்ன வயசுல ரெண்டாவது கியர்ல முனகிக்கிட்டே ஏறுமே, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த நடுவுல நிறுத்துவோமே, அந்த ஏத்தத்துல மூணாவது, நாலாவது கியர்ல போகுது வண்டி. டர்போ விசில் அடிக்குது. நான் சிரிச்சுக்கிட்டே இருந்தேன். அப்பா ஒண்ணும் பேசல, முன்கண்ணாடிச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தார்.

மேலே டீ குடிச்சோம். பனி இறங்கியிருந்துச்சு. கீழே கிளம்பினப்ப அப்பா சொன்னார், "தம்பி, ரெண்டாவது போட்டு இறக்கு."

"பழைய வண்டி இல்லப்பா இது. தேவையில்ல."

மலையில வண்டி ஓட்டுறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விதி இருக்கு: எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லயே இறங்கு. அப்பாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது தாத்தாவோட டிரைவர். எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்பா. அன்னிக்கு நான் அந்த விதியை மீறவே இல்ல. நாலாவதுல ஏறினேன், நாலாவதுல இறங்கினேன். சிக்கலே அங்கதான் இருந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. அந்த விதி எப்படி உருவாச்சு? வலு குறைஞ்ச இன்ஜின் உங்களை ரெண்டாவது கியருக்குத் தள்ளிச்சு. ரெண்டாவதுல ஏறினதால ரெண்டாவதுல இறங்கினோம். இறங்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடிச்சு வச்சுக்கிச்சு, பிரேக்கை வளைவுக்கு மட்டும் தொட்டோம். அந்த டிபன் தட்டு டிரம்முகள் அத்தனை வருஷம் எங்களைக் காப்பாத்தினதுக்குக் காரணம் அந்த இன்ஜினோட சோம்பேறித்தனம்தான். நான் ஏத்தத்தை மட்டும் சுலபமாக்கினேன். இறக்கம் அதே இறக்கமாத்தான் இருந்துச்சு. கிரவுன் பினியனை மாத்தினதுல, எந்த கியர் போட்டாலும் இன்ஜின் வண்டியைப் பிடிச்சு நிறுத்துற பலமும் முன்னைவிடக் குறைஞ்சிருந்துச்சு. டீசல் இன்ஜினும் கூடுதல் எடை, அதுவும் முன்பக்கம்.

ஒரு கணக்கு, வீட்டுக்கு வந்தப்புறம் போட்டது. ஆளோட சேர்த்து வண்டி 1,400 கிலோன்னு வைங்க. ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம். அதை முழுக்கப் பிரேக்லயே இறக்கினா உண்டாகிற வெப்பம், சுமார் 45 லிட்டர் தண்ணியை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கிற அளவு. அதை நாலு டிபன் தட்டு தாங்கணும். டிரம் சூடாகி விரிஞ்சா ஷூவை விட்டு விலகிப் போகும், லைனிங்கும் சூட்டுல பிடிப்பை இழக்கும். இது போக பிரேக் ஆயில். டாட் 3 ஆயில் புதுசா இருந்தா 205 டிகிரி வரை கொதிக்காது. காத்துல இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சிக்கிட்டே இருக்கும். நல்லா ஈரம் குடிச்ச ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிடும். கொதிச்சா லைனுக்குள்ள ஆவிக் குமிழி. திரவத்தை அழுத்தினா அழுத்தம் போகும், ஆவியை அழுத்தினா அது சுருங்கும், அவ்வளவுதான். ஐவி லைன்ல காத்து இருந்தா நர்ஸைத் திட்டுறவன் நான்.

பாதி வளைவு தாண்டியிருப்போம். முதல்ல ஒரு கருகின வாசம். அடுத்த வளைவுல பெடல் கொஞ்சம் ஆழமா இறங்குச்சு. அதுக்கடுத்து காலை வச்சேன், பஞ்சு மெத்தையில வச்ச மாதிரி தரை வரைக்கும் போச்சு. பம்ப் பண்ணேன். ஒண்ணும் இல்ல. முன்னாடி ஒரு கேரளா பஸ் மேலே ஏறி வந்துக்கிட்டிருக்கு.

ஆபரேஷன் தியேட்டர்ல மானிட்டர் சத்தம் திடீர்னு மாறும்போது எனக்குள்ள ஒரு அமைதி வரும், அது பழக்கம். அன்னிக்கு அது வரல. கை நடுங்குச்சு. அப்பாதான் பேசினார், வகுப்புல பேசுற அதே குரல்ல. "கிளட்சை மிதி. மூணு. விடு. ஆக்ஸிலேட்டர் ஒரு தடவை. கிளட்ச். ரெண்டு." இன்ஜின் அலறுச்சு. வேகம் குறைஞ்சுச்சு, போதல. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது ஆயிலை நம்பி இல்லாததால பிடிச்சுச்சு, ஒரு கோரமான சத்தத்தோட. பஸ் டிரைவர் புண்ணியவான், நிலைமை புரிஞ்சு ஒதுங்கி நிறுத்திட்டார். நல்லவேளை அந்த இடத்துல மலை எங்களுக்கு இடப்பக்கம். வண்டியைப் பாறையோட உரசவிட்டு ஓடைக்குள்ள இறக்கினேன். லெஃப்ட் ஹேண்ட் டிரைவ், அதனால உரசினது என் பக்கம்.

நின்னுச்சு. எனக்கு முழங்கால்ல சிராய்ப்பு. அப்பா டேஷ்போர்டுல கையை ஊணியிருந்தார். வலது மணிக்கட்டு வளைஞ்ச விதத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது. முள்கரண்டியைக் கவுத்து வச்ச மாதிரின்னு எங்க புத்தகத்துல போட்டிருக்கும். கோலிஸ் ஃப்ராக்சர். வண்டியில சீட் பெல்ட் கிடையாது, 1940கள்ல அது யாருக்கும் தோணல. எனக்கு எப்பவோ தோணியிருக்கணும்.

அன்னிக்கு சாயங்காலம் அப்பாவுக்கு என் நண்பர்தான் கையை மரத்துப்போக ஊசி போட்டார், எலும்பு டாக்டர் இழுத்து சரி பண்ணி மாவுக்கட்டு போட்டார். நான் வெளியே பெஞ்சுல உக்காந்திருந்தேன். 20 வருஷமா அந்தக் கதவுக்கு உள்பக்கம் இருந்த ஆளு. வெளிப்பக்கம் எவ்வளவு நேரம் ஆகும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் போய் வண்டியைப் பாத்தார். பெடலை மிதிச்சார். கல்லு மாதிரி நின்னுச்சு! "பிரேக் நல்லாத்தானே இருக்கு சார்" என்றார். ராத்திரி முழுக்க ஆறினதுல ஆவியெல்லாம் திரும்பத் திரவமாயிடுச்சு. டிரம்மைக் கழட்டினா உள்பக்கம் நீலம் பூத்திருந்துச்சு. ஆயில் கறுப்பு. எத்தனை வருஷத்து ஆயில்னு யாருக்கும் தெரியல. அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். இன்ஜின் மாத்தச் சொன்னேன், மாத்தினார். அந்த இன்ஜின் மேலயும் குத்தமில்ல, அருமையான இன்ஜின்.

இப்ப வாக்குக் கொடுத்த மருத்துவம். மூளைக்குப் போற கரோடிட் ரத்தக்குழாய் கழுத்துல கடுமையா அடைச்சிருந்தா, திறந்து சுத்தம் பண்ற ஆபரேஷன் உண்டு. அடைப்பு போச்சு, ரத்தம் தாராளமாப் போகுது, எல்லாரும் சந்தோஷம். ஆனா எங்களுக்குப் பயம் அப்பதான் ஆரம்பிக்கும். அந்தப் பக்கத்து மூளையோட சின்னக் குழாய்கள் பல வருஷமா குறைஞ்ச ரத்தத்துக்கே பழகி, சுருங்கிக்கொள்ளும் சக்தியை இழந்து கிடக்கும். திடீர்னு முழு வேகத்துல ரத்தம் வந்தா தாங்காது. சிலருக்குத் தலைவலி, வலிப்பு, அரிதா மூளையில ரத்தக்கசிவு கூட வரும். ஹைப்பர்பெர்ஃபியூஷன் சிண்ட்ரோம்னு பேரு. அதனாலதான் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்ச பிறகும் ரத்த அழுத்தத்தைக் கயித்துல கட்டின மாதிரிப் பிடிச்சு வச்சிருப்போம். இதை மாணவர்களுக்கு எத்தனையோ தடவை நடத்தியிருக்கேன். தாத்தா ஜீப்புக்குப் பண்ணினப்ப ஞாபகம் வரல.

பட்டாளத்துக்காரங்க இதை எப்படிப் பண்றாங்கன்னு அப்புறம் படிச்சேன். இஸ்ரேல் ராணுவம் தங்களோட பிரிட்டிஷ் செஞ்சுரியன் டாங்கிகளுக்குப் பெட்ரோல் இன்ஜினை எடுத்துட்டு 750 ஹெச்பி டீசல் இன்ஜின் போட்டாங்க. 1970 வாக்குல அது படையில சேர்ந்துச்சு. ஆனா இன்ஜினை மட்டும் மாத்தல. கியர் பெட்டியைத் தூக்கிட்டு ஆட்டோமேட்டிக் வச்சாங்க, பின்பக்க உடம்பையே பெருசாக்கினாங்க. சண்டைக்குப் போறவன் ஒழுங்கா யோசிக்கிறான். ஞாயித்துக்கிழமை டீ குடிக்கப் போறவன்தான் யோசிக்கிறதில்ல.

இன்னொரு முட்டாள்தனத்தையும் ஒத்துக்கணும். ஆர்சி புக். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி, பதிவுச் சான்றுல இருக்கிற விவரங்களுக்கு மாறா வண்டியை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது. 2019-ல உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கு. "பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டிருந்தேன். அன்னிக்கு அந்த பஸ்ஸுல மோதியிருந்தா, புக்குல பெட்ரோல், பானட்டுக்குள்ள டீசல். இன்சூரன்ஸ்காரர் என்ன சொல்லியிருப்பார்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இதுபோக, 2021-ல வந்த விண்டேஜ் வாகன விதியில 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டிகளுக்குத் தனிப் பதிவு தர்றாங்க. ஆனா சட்டம், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது. தாத்தா வண்டிக்கு இருந்த அந்தத் தகுதியையும் நானே கெடுத்திருந்தேன்.

அப்பாவுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசல. கட்டுப் பிரிச்ச அன்னிக்கு விரலை மடக்கி நீட்டிக்கிட்டே கேட்டார், "பழைய இன்ஜின் எங்க கிடக்கு?"

ஒர்க்‌ஷாப் மூலையில, டயர் குவியலுக்குப் பின்னாடி, சாக்கு போட்டு மூடிக் கிடந்துச்சு. நான் அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருந்தேன். மெக்கானிக் அண்ணன் போடல. "மனசு வரல சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் என்ன வேணா செய்வேன்.

விரிசலைத் தைக்க வச்சோம். வெல்டிங் இல்ல. விரிசல் நெடுக ஓட்டை போட்டு, மரை வெட்டி, ஒண்ணோட ஒண்ணு கவ்வுற மாதிரி ஊசி ஊசியா திருகி அடைக்கிற முறை. வார்ப்பிரும்பைச் சூடு பண்ணாம ஒட்டுற வித்தை. தையல் போடுற கை எனக்குத் தெரியும், அது நல்ல கை. சிலிண்டருக்கு லைனர். ஹரிக்கேன் இன்ஜினுக்கும் இதுக்கும் கீழ்ப்பகுதி பெரும்பாலும் ஒரே வம்சம். இங்கே அந்த ஜீப்புகள் நிறைய ஓடினதால சாமான் தேடறது நினைச்ச அளவு கஷ்டமா இல்ல. ஆறு மாசம்னு அவர் முதல்ல சொன்னது எட்டு மாசம் ஆச்சு. 4.88 திரும்ப வந்துச்சு. பிரேக் லைன் முழுக்கப் புதுசு, ஆயிலை இப்ப வருஷத்துக்கு ஒரு தடவை நானே மாத்துறேன். டீசல் இன்ஜினை வேற ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். அவர் முன்னாடி டிஸ்க் பிரேக், பூஸ்டர், ரெண்டு லைன் மாஸ்டர் சிலிண்டர், பவர் ஸ்டியரிங் எல்லாம் முதல்ல போட்டு முடிச்சிட்டு, கடைசியா இன்ஜினைத் தேடி வந்த மனுஷன். அவர்கிட்ட அது பத்திரமா ஓடுது.

ஜூனியர் தம்பி, நீங்க கேட்டதுக்கு இதான் என் பதில். மாத்தாதீங்கன்னு சொல்லல. சட்டப்படி அனுமதி கிடைக்கிற வழி இருந்தா, அந்த வண்டிமேல உங்களுக்குப் பரம்பரைப் பாசம் எதுவும் இல்லேன்னா, பண்ணுங்க. ஆனா மெக்கானிக் முன்னாடி நிக்கும்போது "எவ்வளவு இழுக்கும்"னு கேக்குறதுக்கு முன்னாடி "எதை வச்சு நிறுத்துவேன்"னு கேளுங்க. அதுக்கு அவர் "லைனிங் புதுசு சார்"னு சொன்னா, வண்டியைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

போன ஞாயித்துக்கிழமை திரும்ப போடிமெட்டு போனோம். அப்பாவுக்கு இப்ப 80. புது சீட் பெல்ட்டை நாலு தடவை இழுத்துப் பாத்துட்டு உக்காந்தார். ரெண்டாவது கியர், மணிக்கு 25 கிலோமீட்டர், பழைய முனகல். பின்னாடி தோட்டத்து ஜீப்புகள் வரிசை கட்டி நின்னு ஹாரன் அடிச்சுது. ஒரு வளைவுல ஒதுங்கி வழி விட்டோம். கடைசியா வந்த ஜீப்புக்காரப் பையன் வேகத்தைக் குறைச்சு எட்டிப் பாத்தான்.

"என்ன தாத்தா, வண்டி இழுக்கலையா?"

"இழுக்குது இழுக்குது. நீ போப்பா" என்றார் அப்பா.